மனப்பாடமான சாலை

12.6.2006, திங்கள்

அப்பா இன்றும் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். கேட்டால் வாக்கிங்காம். தெருமுனையில் தீப்பெட்டி வாங்கக்கூட ஸ்கூட்டரை எடுக்கிற மனிதருக்கு அறுபது வயதில் நடை எதற்கு? ஏழு மணிக்குத் திரும்பியபோது செருப்பெல்லாம் செம்மண். எங்கள் தெருவில் செம்மண் ஏது?

14.6, புதன்

அப்பா வேன் ஓட்டும் பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிற அம்சவல்லி அக்கா வந்திருந்தார். "உங்கப்பாவ மங்கலம்பேட்ட ரோட்டுல பாத்தேன் பாப்பா. திருப்பத்துல, ஒரு நீலக் கதவு வூட்டுக்கு எதுருல, சாமி கும்புடுறாப்புல நிக்கிறாரு." அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நான் படித்த நாவல்களில் அதிகாலையில் வெளியே போகும் ஆண்களுக்கு ஒரே காரணம்தான். அப்பாவை அப்படி நினைக்க வெட்கமாக இருக்கிறது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

17.6, சனி

பள்ளிக்கூடம் விடுமுறை. பின்தொடர்ந்தேன். முதல் பஸ்ஸில் முன்வாசலில் அவர், பின்வாசலில் நான். பாதி வழியில் இறங்கி, சாலையோரமாக நடந்தார். வளைவு வந்ததும் நின்றார். அடியெண்ணி நடந்தார். உதடு அசைந்தது. குனிந்து தார் முடிகிற இடத்தைக் கையால் தொட்டார். நீலக் கதவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பெண் இல்லை. சரி. அப்படியானால் என்ன? ஒரு காலத்தில் கார் ரேஸ் ஓட்டியவர். மறுபடி ரேஸ் ஓட்டப் போகிறாரா?

20.6, செவ்வாய்

நேராகவே கேட்டேன். கோபப்படவில்லை.

"சோழவரத்துல ரேஸுக்கு மொத நாளு ட்ராக்க நடந்தே சுத்துவேன்மா. கார்ல போறப்ப ரோடு பொய் சொல்லும். காலுக்குத்தான் மேடு பள்ளம் தெரியும்."

பிறகு அவராகவே பேசினார். மொத ஆளா வரணும்னு ஓட்டுறவன் ரெண்டு வருஷம் ஓட்டுவானாம். அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஓட்டணும்னு ஓட்டுறவன் இருபது வருஷம் ஓட்டுவானாம். "நான் ரெண்டாவது சாதி. அதான் கப்பு ஒண்ணுதான் இருக்குது, கையும் காலும் முழுசா இருக்குது."

அழகாகத்தான் சொன்னார். ஆனால் பதினாறு வருடங்களாக வேன் ஓட்டும் பாதையை இப்போது எதற்கு நடந்து பார்க்க வேண்டும்? அழகாகப் பேசும்போதுதான் அப்பா எதையோ மறைக்கிறார்.

22.6, வியாழன்

சாப்பிடும்போது இடது பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

23.6, வெள்ளி

இன்று செம்பை நானே இடது பக்கம் வைத்தேன். வேண்டுமென்றே. தண்ணீர் எங்கே என்று கேட்டார்.

24.6, சனி

மங்கலம்பேட்டையில் சிநேகிதி வீடு என்று பொய் சொல்லி, அங்கிருந்து கம்பெனிப் பெண்களை ஏற்றிவரப் போகும் வேனில் காலையிலேயே ஏறிக்கொண்டேன். திரும்பும்போது உள்ளே பன்னிரண்டு பேர். டீ டம்ளரை வைத்தால் சிந்தாத மாதிரி ஓட்டினார். ஆனால் கவனித்தேன் — வளைவு கண்ணில் படுமுன்பே கை திரும்புகிறது. ஆளில்லாத இடத்தில் ஹாரன் அடிக்கிறார். சாலையைப் பார்த்து ஓட்டவில்லை, ஒப்பிக்கிறார்.

ஒரு மதகு தாண்டியதும் இடது ஓரத்தில் ஜல்லிக் குவியல். போகும்போது இல்லை; ரோடு போட இப்போதுதான் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேன் நேராக அதை நோக்கிப் போகிறது. வேகம் குறையவேயில்லை.

"அப்பா, லெஃப்ட்டுல!"

ஸ்டியரிங்கை ஒடித்தார். டயரில் கல் தெறித்தது. ஒரு பெண்ணின் சாப்பாட்டுத் தூக்கு உருண்டது.

"பாப்பாவே ஓட்டுறதுன்னா சொல்லிடு, அண்ணன் பின்னால வந்து எங்களோட ஒக்காந்துக்கட்டும்" என்றார் அம்சவல்லி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடியில் அப்பா என்னைப் பார்த்தார்.

25.6, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கேட்டேன்.

"எத்தினி நாளாப்பா கண்ணு தெரியல?"

"தெரியலன்னு எவன் சொன்னான்? இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல்."

பாண்டிச்சேரி டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டாராம். போன பார்வை வராது. பிப்ரவரி! நான்கு மாதங்கள்! தினமும் பன்னிரண்டு பேர்!

"அந்த ரோடு முழுக்க எனக்கு மனப்பாடம்மா."

"நேத்து கொட்டுன ஜல்லியும் மனப்பாடமா?"

"ரேஸ்ல வண்டிய வுட்டு எறங்குனவன் ட்ராக்குக் கயித்துக்கு அந்தாண்ட நின்னு வேடிக்க பாக்கணும். அது எனக்கு வராது" என்றார். நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். சட்டென்று ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

27.6, செவ்வாய்

நேற்றுச் சொல்லிவிட்டாராம். வேறு ஆள் வரும்வரை ஓட்டச் சொன்னாராம் முதலாளி. மதியம் கம்பெனிக்குப் போனேன். முதலாளி தங்கதுரை, "என்னம்மா, அப்பா நல்லாருக்காரா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும். வெளியே வந்து வேனைப் பார்க்காமல் நடந்தேன்.

28.6, புதன்

அப்பா வீட்டில். என்னோடு பேசவில்லை.

9.7, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. அம்சவல்லி அக்கா சந்தையில் பிடித்துக்கொண்டார். "ஒரு கோழி மேல கூட வண்டிய ஏத்துனதில்ல எங்கண்ணன். பெத்த பொண்ணே போட்டுக் குடுத்துட்டியே."

அவரையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். உண்மையில் யாருக்காகச் சொன்னேன்? நான் நினைத்தது சரி என்று நிரூபிக்கத்தானோ? என்னையும் முழுசாக நம்பிவிட முடியாது.

23.7, ஞாயிறு

கண் மருந்து வாங்க அப்பாவோடு பாலக்கரை மருந்துக்கடைக்குப் போனேன். அம்மாதான் அனுப்பினாள். சாலையைக் கடக்க நின்றோம். பஸ், லாரி, பால் வண்டி. நன்றாகத் தெரிகிற பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, "ரைட்ட நான் பாத்துக்கறேன். லெஃப்ட்ட நீ பாத்து சொல்லு" என்றார்.

இருபத்தைந்து நாட்களுக்குப் பிறகு முதல் வார்த்தை.

பார்த்தேன். "ஒண்ணும் வரலப்பா" என்றேன்.

அவர் உடனே காலை எடுத்து வைத்தார். நான்தான் இன்னொரு முறை பார்த்தேன்.