எட்டு, எட்டு, ஒன்பது

மார்ச் 2

அன்புள்ளவளுக்கு,

நலம். நீயும் மகளும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன். ஞாயிறன்று தொலைபேசியில் நீ கடைசியாகச் சொன்னது ‘வரேன்’ என்றா, ‘வரலை’ என்றா, என் காதுக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கூப்பிடத் தயக்கமாக இருந்தது. கடிதமே மேல்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். உனக்கு அங்கே சௌகரியமென்றால் இருந்துவிட்டு வா. அவசரமில்லை.

வழியில் நனைந்து எழுத்து அழியலாம் என்பதால் மீண்டும்: நன்றாகச் சாப்பிடுகிறேன். அடுப்பை அணைக்கிறேன். அவசரமில்லை.

மூன்றாம் முறை பின்பக்கத்தில்.

உன் கணவன்

மார்ச் 8

என் வீட்டுக்காரருக்கு,

“அம்மா, அப்பா ஒரே கவர்ல மூணு லெட்டர் போட்டிருக்காரு! ஆபீஸ்ல ‘மூணு தரம்’னு சும்மாவா பேர் வெச்சாங்க?” என்று உங்கள் மகள் சிரிக்கிறாள்.

முப்பது வருடம் தகவல் அனுப்பும் நிலையத்தில் இருந்தீர்கள். இரைச்சலில் செய்தி கெடாமலிருக்க உபரி எழுத்துகளைச் சேர்ப்போம், அதிகம் சேர்த்தால் செய்தி நகராது, குறைத்தால் எதிர்முனை திரும்பத் திரும்பக் கேட்கும், அளவு பார்க்க வேண்டும் என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வீர்கள். வீட்டுக்கு அந்த அளவு கிடையாதா?

மழையில் அழிந்ததை மூன்று முறை எழுதிச் சரிசெய்யலாம். நீங்களே பொய்யாக எழுதியதை? பத்து நாளாக ரொட்டியும் வாழைப்பழமும்தானாமே! பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லிவிட்டாள்.

இதோடு ஐந்து கடிதம். ஒன்றிலாவது என்னை ஏதாவது கேட்டீர்களா? கேட்டால்தானே பதில் வரும்?

உங்கள் சம்சாரம்

மார்ச் 16

அன்புள்ளவளுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். நான்கு தாள் கிழித்தேன். இதை ஒருமுறைதான் எழுதுகிறேன். அழிந்திருந்தால் நீ கேள்.

எப்போது வருகிறாய்?

உன் கணவன்

மார்ச் 22

என் வீட்டுக்காரருக்கு,

கிடைத்தது. ஓர் எழுத்தும் அழியவில்லை. இதைக் கேட்கவா ஐந்து மாதம்! கைக்குழந்தையாய் இருந்தவள் தவழவே ஆரம்பித்துவிட்டாள். சம்பந்தியம்மா வந்துவிட்டதால் இனி எனக்கு இங்கே வேலையில்லை.

உங்கள் முறைப்படியே எழுதுகிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். எட்டு. ஒன்பது.

உங்கள் சம்சாரம்

மார்ச் 29

அன்புள்ளவளுக்கு,

கிடைத்தது. டீச்சரிடமும் காட்டினேன். “ரெண்டு எட்டு, ஒரு ஒன்பது. எட்டுதான் சார், இதுல என்ன யோசனை?” என்றார். பெரும்பான்மைக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மூன்றுமே ஒரே கை எழுதியது. அதில் எதை நம்ப?

இந்தக் கடிதம் நீ புறப்படுமுன் சேர்ந்துவிடும். உன் பதில் இங்கே வரத்தான் நாள் போதாது. அதனால் எட்டாம் தேதி ரயிலடிக்கு வருவேன். நீ இறங்காவிட்டால் ஒன்பதாம் தேதியும் வந்து நிற்பேன். ரொட்டியை விட்டுவிட்டேன், இன்று சோறு வடித்தேன். கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஒரு கேள்வி. அந்த ஒன்பது கை தவறியதா, வேண்டுமென்றேவா? பதிலை நேரில் சொல். இடது பக்கமாக நின்று சொல். அந்தக் காதுதான் கொஞ்சம் கேட்கிறது.

உன்
மூணு தரம்