பித்தம் என்று சொன்னேன்

மச்சான்,

சுக்கு வேகும் வாசனை வீட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சுக்கு, தனியா, சீரகம், நாலு நெல்லிமுள்ளி. என் தங்கை ஞானம், உன் மனைவி, அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு ஊதுகுழலை ஊதுகிறாள். மூன்று பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன் வியாதிக்காகச் சொன்னேன். இன்றைக்கும் அதே சட்டி, அதே பக்குவம். குடிக்கப் போகிறவன் மட்டும் நான்.

சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள். உன் சிரிப்பை நீ உயிரோடு இருந்தபோதே நான் மதித்ததில்லை, இப்போதா மதிக்கப் போகிறேன்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசல் படி ஆறையும் ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்துகொண்டது. உனக்குத் தெரிந்த பழைய டாக்டர் துரை கப்பலேறிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, ஆனால் கண் கூர்மை. "கம்பவுண்டர், ஏறிப் படு" என்றார். பதினைந்து வருஷமாக நான் துடைத்து வைக்கிற பெஞ்சில் என்னையே படுக்க வைத்தார். ரப்பர் குழாயை நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், இடப்பக்கம் திரும்பச் சொல்லி மறுபடியும் வைத்தார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் கண்டதுண்டா என்று கேட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கண்டது, ஒரு மாதம் பாயில் கிடந்தேன் என்றேன்.

"உன் இருதயத்தில் இரண்டு வால்வு சரியாக மூடுவதில்லை. முன்னால் போக வேண்டிய ரத்தம் பின்னால் ஒழுகுகிறது" என்றார் இங்கிலீஷில். "இதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. படி ஏறுவதைக் குறை. பாரம் தூக்காதே. கோபப்படாதே. துளி மருந்து தருகிறேன். ஒழுங்காக இருந்தால் பல வருஷம் ஓட்டலாம்."

கோபப்படாதே என்று என்னிடம் சொல்கிறார். தங்க வயலுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, பாவம், என்னைத் தெரியாது.

அதற்கப்புறம் நடந்த கேவலத்தைக் கேள். துரை பேசி நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் என் வாய் தானாகத் திறந்தது, பக்கத்தில் நிற்கிற நோயாளிக்குத் தமிழில் சொல்வதற்கு. பக்கத்தில் ஒருவரும் இல்லை. நோயாளி நான்தான். ஆனாலும் "பித்தம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். "என்ன?" என்றார் துரை. ஒன்றுமில்லை என்று சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஞானம் கேட்டாள். "இன்னாண்ணா சொன்னாரு தொர?" அவளுக்கும் அதே வார்த்தைதான். அதன் பலன் இப்போது அடுப்பில் கொதிக்கிறது.

என் தொழில் உனக்குத் தெரியும். துரை பத்து நிமிஷம் பேசுவார், நான் ஒரு வார்த்தை சொல்வேன். பித்தம், சூடு, வாயு, பலவீனம். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த வயலில் இருக்கிற நெஞ்சையும் வயிற்றையும் எல்லாம் மொழிபெயர்த்து அனுப்பினேன். சொன்னால் இவர்களுக்கு என்ன விளங்கப் போகிறது என்று ஒரு எண்ணம். தட்டி வீட்டில் சுருண்டு படுக்கிற ஜனத்துக்கு நுரையீரல் எங்கே இருந்தால் என்ன என்று ஒரு அலட்சியம். நானும் அதே வட ஆற்காட்டுக் குடிசையிலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் என்பதை நாலு வருஷ இங்கிலீஷ் மறக்கடித்துவிட்டது. ஜனங்களும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கம்பவுண்டர் ஐயா ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு என்று அவர்களுக்குப் பெருமை வேறு.

நீ மட்டும் கும்பிட மாட்டாய். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் கட்டுகிறவன் என்றால் உனக்கு ராஜா என்று நினைப்பு. இரண்டு ஆள் தூக்கும் கட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு குடியிருப்பு லைன் வழியாக நடப்பாய், யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு ஒரு பக்கம் போகும், உன் குரல் இன்னொரு பக்கம் போகும், சத்தம் மட்டும் எல்லோருக்கும் மேலே. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துத் தூக்கி நாலு பேருக்குக் காட்டுவாய். "பாருங்கப்பா, மருந்து கலக்குற கையி. வெயில்ல காட்டுனா கரஞ்சிடும்." எல்லோரும் சிரிப்பார்கள். ஞானத்தை உனக்குக் கொடுத்த எங்கள் அப்பாவின் புத்தியை நான் நொந்துகொள்ளாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அப்படிப்பட்ட நீ ஒரு காலையில், ஏணி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அப்போது உன் ஷாப்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டு கிடையாது, இறங்குவதும் ஏறுவதும் ஏணியில்தான். வந்ததும் வராததுமாக, "எனக்கு ஒண்ணியும் இல்ல, ஞானம் தொல்ல தாங்கல, அதான் வந்தேன்" என்றாய். பழைய துரை மரக்குழாயை உன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் ஓட்டைத் துருத்தியில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு வால்வு ஒழுகுகிறது, இனி ஏணி கூடாது, கீழே இறங்கவே கூடாது, மேலே உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல், பத்திரமாக இருந்தால் பல வருஷம் இருப்பான், இதை அவனுக்குத் தெளிவாகச் சொல் என்றார்.

நீ சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டாய். "இன்னா மச்சான், தொர இம்மாம் நேரம் பேசினாரு?"

"பித்தம்" என்றேன். "சுக்குக் கஷாயம் குடி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இதற்கு இரக்கம் என்று பேர் வைத்துப் பல வருஷம் தூங்கினேன். சொன்னால் பயந்துவிடுவான் என்று இரக்கம். அது போதாத நாட்களில், சொன்னாலும் கேட்க மாட்டான், திமிர் பிடித்தவன் என்று உன் மேல் பழி. இரக்கமாவது மண்ணாவது. உங்கள் மைனில் கீழே இறங்குகிறவனுக்குத்தான் லைனில் வீடு. இறங்காவிட்டால் காலி செய்ய வேண்டும். நீயும் ஞானமும் இரண்டு பெண்களும் பெட்டி படுக்கையோடு நேரே என் வீட்டுக்குத்தான் வருவீர்கள். தனிக்கட்டையான என் ஒற்றை அறையில் உன் குறட்டை, உன் புகையிலை எச்சில், உன் வாய்ச்சவடால். துரை பேசிக்கொண்டிருக்கும்போதே அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன். உன்னைச் சகித்துக்கொள்ள என்னால் முடியாது. விஷயம் அவ்வளவுதான். குறட்டைக்குப் பயந்து ஒருவனைச் சாகவிட்டவனை நீ வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா?

எட்டு மாதம் குடித்தாய். ஒரு நாள் கடைத்தெருவில் என் தோளைத் தட்டி, "மச்சான், உன் கஷாயம் கேக்குது. படுத்தாதான் மூச்சு முட்டுது, சாஞ்சி உக்காந்தா நல்லாதான் கீது" என்றாய். வாழ்க்கையிலேயே ஒரு முறைதான் என்னை மெச்சினாய், அதுவும் அதற்காக. நான் சரி சரி என்று உன் கையை எடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து மேலே வருகிற வழியில், இரண்டு ஏணிக்கு நடுவே போட்டிருக்கிற பலகையில் உட்கார்ந்தாயாம். "நீங்க போங்கடா, வந்துர்றேன்" என்றாயாம். ஏதோ குறும்பு பண்ணப் போகிறாய் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்களாம். அப்புறம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பெஞ்சில் கிடத்தினார்கள். பழைய துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னதை இவனுக்குச் சொன்னாய் அல்லவா?"

"சொன்னேன் சார். அவன் கேட்கவில்லை."

"இந்த ஜனங்களே இப்படித்தான்" என்று அவர் கை கழுவப் போனார். நான் தலையை ஆட்டினேன். அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றியவனும் நான்தான். உன்னைச் சாகவிட்டதும் போதாமல், செத்துக் கிடந்தவனை முட்டாளாகவும் ஆக்கி அனுப்பினேன்.

ஞானமும் பெண்களும் அந்த வாரமே பெட்டி படுக்கையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். எதற்குப் பயந்தேனோ அது அப்படியே வந்து சேர்ந்தது, குறட்டை ஒன்றுதான் வரவில்லை.

இப்போது லைன் முழுக்கக் கம்பவுண்டருக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு. உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார், முடிக்கிற வழியாக இல்லை. கடைக்காரர் பச்சைப் பூண்டை விழுங்கச் சொன்னார். மாரிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, இது கண்பட்டதுதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் பித்தம் என்றே சொன்னேன், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் பழக்கிவிட்ட ஜனம்தானே.

நான் எப்படி இருக்கிறேன் என்றால், படியை எண்ணி ஏறுகிறேன். துளி மருந்தை நானே அளந்து நானே விழுங்குகிறேன். பாயைச் சுருட்டி முதுகுக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறேன், சாய்ந்து உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி காலியானதும் ரப்பர் குழாயை என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டேன். அதே ஓட்டைத் துருத்தி. நீதான் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி பண்ணுகிறாய் என்று தோன்றியது.

ஞானம் டம்ளரோடு வருகிறாள். "அவருக்குக் குடுத்த அதே பக்குவம்ண்ணா. சூட்டோட குடி" என்கிறாள். இங்கே நிறுத்துகிறேன்.

மேலே எழுதியது சனிக்கிழமை. இன்று வியாழன்.

அந்தக் கஷாயத்தைக் குடிக்க முடியவில்லை. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஞானத்திடம் சொல்லிவிட்டேன். எனக்குப் பித்தம் இல்லை, அவனுக்கும் அது இருந்ததில்லை, இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, துரை அன்றைக்கே சொன்னார், நான்தான் சொல்லவில்லை என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் குறட்டை உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. டம்ளரை எடுத்து, இருந்ததை அடுப்புச் சாம்பலில் ஊற்றினாள். "எட்டு மாசம்" என்றாள். "ஒரு நா விடாம வடிச்சேன்."

"சொல்லியிருந்தாலும் அவன் ஏணி ஏறித்தான் இருப்பான் ஞானம்" என்றேன். பார், அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏறுவாரோ மாட்டாரோ, அத்த அவரு சொல்லணும். நீ யாரு?"

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். பாரம் என்று தண்ணீர்க் குடத்தை மட்டும் நான் தொடுவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தக் கரிசனத்துக்கு எனக்குத் தகுதியில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்று வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் எதிரே வந்து நின்றாள். "வால்வுன்னா இன்னா?"

"இப்ப எதுக்கு அது?"

"கேக்குறேன்ல. ஒரே வார்த்தைல சொல்லாத. அன்னிக்கு தொர இன்னா சொன்னாரோ அத்தினியும் சொல்லு. அவருக்குச் சொல்ற மாரி சொல்லு."

சொன்னேன். பெண்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்று கேட்டார்கள். பழைய துரை சொன்னதைத் தமிழில் சொல்லி முடிக்க, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஞானம், "இதுல புரியாததுக்கு இன்னா கீது?" என்றாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷம் நான் படித்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

இன்று காலை டிரில் பிடிக்கிற ஒருவர் இருமிக்கொண்டு வந்தார். துரை பேசியதை ஒரு சொல் விடாமல் அவருக்குச் சொன்னேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார். திட்டட்டும், அவர் நுரையீரல் அவருடையது.

பாரம் தூக்காதே என்கிறார் துரை. அன்று அந்த அறையில் கேட்ட பேச்சை ஒன்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியாது. ஞானத்திடம் சொல்லியாயிற்று. ஆனால் கேட்க வேண்டியவன் நீ.

சட்டையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் மச்சான். உட்கார். துரை இம்மாம் நேரம் பேசினது இதுதான்.

உன் நெஞ்சுக்குள்ள கதவு மாரி நாலு வால்வு கீது. ரத்தம் போனதும் அது மூடிக்கணும். உனக்கு ரெண்டு சரியா மூடல, போன ரத்தம் திரும்பி ஒழுகுது. அதான் மூச்சு வாங்குது. பித்தம் இல்ல. ஏணி ஏறாத. கீழ எறங்கவே எறங்காத. மேல உக்காந்து செய்யிற வேலயா கேளு. பத்திரமா இருந்தா பல வருஷம் இருப்ப.

துரை சொன்னது இவ்வளவுதான். மீதி, நான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டக் காலி பண்ணச் சொன்னா, ஞானத்தையும் பொண்ணுங்களையும் கூட்டிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடு. நீ கொறட்ட விட்டா நான் காதுல பஞ்சு வெச்சிக்கிறேன், ஆஸ்பத்திரில பஞ்சு நெறைய கீது.