காரில் ஊற்றிய வள்ளத்து ஆயில்

மதினி,

உங்கள் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த அண்ணன், இன்று காலை நம் காரில், மீன்பிடி வள்ளத்துக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தது தப்பு என்று இந்த நிமிடம் வரை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவர் கை துடைத்துப் போட்ட துணி என் முன்னால் கிடக்கிறது. வீடு முழுக்க வள்ளத்து இன்ஜின் வாடை.

வெள்ளிக்கிழமை உங்கள் மகளை முதுகுளத்தூரிலிருந்து பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அதற்காகத்தான் வண்டியைத் தயார் செய்தாராம்.

"ஏத்தா, கடல்ல ஓடுற இன்ஜினே இதக் குடிச்சுக்கிட்டு ஓடுது. இந்தக் காரு என்ன சீமையில பொறந்துச்சா?" என்கிறார்.

"ஓடும்ண்ணே. எத்தன நாளைக்குன்னுதான் கேக்குறேன்" என்று சொல்லி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நல்லவேளை, அவர் அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை.

இராமநாதபுரத்தில் நாம் இருவரும் முதன்முதலாக ஆயில் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? வண்டியோடு வந்த புத்தகத்தை நீங்கள் வாசிக்க வாசிக்க, நான் அர்த்தம் தேட, இருவருமாகப் படித்திருந்தோம். 5W-30 வேண்டும், புகைக்குழாயில் வடிகட்டி உள்ள டீசல் வண்டிக்கானதாக இருக்க வேண்டும். கடைக்காரரோ, "நம்ம வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தாம்மா நல்லது" என்று வேறொரு டப்பாவை நீட்டினார்.

"தம்பி, வெயிலு வெளிய அடிக்குது. இன்ஜினு உள்ளல்லவா கொதிக்குது. அந்தச் சூட்டையும் பாத்துத்தான அந்த முப்பதப் போட்டிருக்கான்" என்றீர்கள்.

அவர் நம் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார். "ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"வந்திருக்காரு. வண்டிக்குள்ள தூங்குறாரு" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டே நாம் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். வீடு வரும்வரை அண்ணன் எதற்கு நாம் சிரிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் உச்சிவரை சட்டென்று ஏற இளகின ஆயில் வேண்டும். வள்ளத்து ஆயில் அப்படி ஏறாது. அது எரிவதால் உண்டாகும் சாம்பல் போகப்போகப் புகைக்குழாய் வடிகட்டியையும் அடைக்கும். வெள்ளிக்கிழமையே வண்டி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சந்தேகத்தின் மேல் உட்கார வைத்து, வரும் வழியில் உச்சிப்புளியைத் தாண்ட மாட்டேன். நீங்கள் இருந்திருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே முடிவாகச் சொல்லிவிட்டேன். பட்டறைக்காரரை அண்ணனே போய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வண்டி இருந்த இடத்தை விட்டு நகராது. ஊற்றியதை ஒரு சொட்டு விடாமல் வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டியது பட்டறைக்காரர் பொறுப்பு. அவர் வேலை செய்யும்போது அண்ணன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. புது ஆயிலை நான் வாங்குவேன். ஆயில் மட்டம் காட்டும் அளவுக்கம்பியையும் நானே உருவிப் பார்ப்பேன். உங்கள் மகளுக்குத் தலையணை இரண்டு எடுத்து வைக்க வேண்டும். வண்டியை நான் ஓட்டுவேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "பைய, பைய" என்று பக்கத்து சீட்டிலிருந்து சொல்வது உங்கள் வேலையாக இருந்தது. அதையும் இனி நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.