காலியாக இருந்த பார்க்கிங்

டெஸ்மண்ட்,

காலை ரயிலில் குளுவாங்கில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போகிறேன், மாமாவையும் அத்தையையும் பார்க்க. சர்ச் பூசைக்கு இன்று நீங்கள் மட்டும் போங்கள். பிரிட்ஜில் அத்தை சமைத்த கோழிப் பிரட்டல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நேற்று மாமா நம் பிளாட்டுக்குக் கீழேயிருந்து போன் செய்தபோது, "இங்க பார்க்கிங்கே கிடைக்காது மாமா, நான் வேலையில இருக்கேன்" என்றேன். வீட்டில்தான் இருந்தேன். வாரம் முழுக்க விடியுமுன் எழுந்து எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த அலுப்பு. நீங்கள் காரை எடுத்துப் போயிருந்ததால் நம் இடம் காலிதான். பார்க்கிங் கேட்டைத் திறக்கும் கார்டோடு நான் இறங்கியிருந்தால் போதும். ஜன்னலில் நின்று, அவர்கள் கார் மூன்று முறை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு குப்பை போட இறங்கியபோது செக்யூரிட்டி அண்ணன் அத்தை விட்டுப்போன கோழி டப்பாவை நீட்டினார். "மருமக வேலை முடிஞ்சு பசியோட வரும், குடுத்துருங்கன்னு சொன்னாங்க லா." நைட்டியில் நின்றபடி வாங்கிக்கொண்டேன்.

உங்களிடமும், "டவுன்னா இப்படித்தான்" என்று பழியை ஊர்மேல் போட்டேன். "அதான் அப்பவே டவுன் வேணாம், ஸ்கூடாய்ல வீடு பார்க்கலாம்னேன்" என்றீர்கள். டவுன்மேல் குற்றமில்லை. டவுனில் இருப்பதால்தான் ஸ்டேஷனுக்குக்கூட நடந்தே போக முடிகிறது.

டப்பாவைக் கழுவி எடுத்துப் போகிறேன்.

ஷர்மைன்

பூசை முடிந்து வந்ததும் உங்கள் காரை வெளியே ரோட்டில் விடுங்கள். மாமாவும் அத்தையும் மன்னித்தால், அவர்கள் காரிலேயே கூட்டி வருகிறேன். மன்னிக்காவிட்டாலும் இன்று நம் இடம் காலியாகவே இருக்கட்டும்.