யாரோ ஒருத்தியின் சீர்த்துணி

இன்று காலை பார்சலைப் பிரித்ததும் அந்த வாசனை தறிப்பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. பிரான்ஸ்காரர்கள் அலமாரியில் துணிக்கு நடுவே வைக்கிற காய்ந்த பூவின் வாசனை. நன்றாக இருக்கிறது என்றான் நம் மகன். நான் போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் பார்சலைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பாய்.

அதே வெள்ளை மேசை விரிப்பு. மூலையில் பூத்தையலில் அதே இரண்டு எழுத்து. பிரான்ஸில் அந்தத் துணிக்கடைக் கிழவி வீட்டில் நாம் பார்த்ததேதான். கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாளாம். கடையை இப்போது பேரன் நடத்துகிறான். அந்த எழுத்தோடு அச்சு அசலாக நெய்து தர வேண்டுமாம். 'எங்கள் பாட்டி வீட்டுச் சொத்து' என்று அட்டை ஒட்டி விற்கப் போகிறானாம். சொத்தாம் சொத்து!

ஆர்டர் பிடிக்க நாம் இருவரும் போனது உனக்கு மறந்திருக்காது. ஒரே தெரு, ஒரு மாதா கோயில், அதன் வாசலில் போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல், கல்லடியில் புதுப் பூ. கிழவி பெருமையாக இந்த விரிப்பைப் போட்டுச் சாப்பாடு வைத்தாள். நீ தட்டைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாய். நம்மூரில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல இருக்கிறதே, யார் பெயர் என்று கூட வந்த ஏஜென்ட்டை விட்டுக் கேட்கச் சொன்னாய்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துடையதாம். கல்யாணத்துக்கு இருந்த மகளுக்காகத் தைத்துவைத்ததாம். போரின்போது விடியற்காலையில் ஜெர்மன்காரர்கள் வந்து குடும்பத்தையே கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் கிழவியின் அம்மா போய் அலமாரியைத் துடைத்து எடுத்து வந்துவிட்டாள். திரும்பி வரவா போகிறார்கள், எதற்கு வீணாக்குவது என்றாள் கிழவி. யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். கோயில் வாசல் கல்லில் அவர்கள் பெயர் இல்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாய். கிழவி கரண்டியைப் பிடித்தபடி யோசித்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை. ஆனால் விரிப்பில் ஒயின் கறை பட்டால் எவ்வளவு நேரம் பாலில் ஊறவைக்க வேண்டும் என்று மட்டும் விவரமாகச் சொன்னாள். த்தூ!

நீ எழுந்தாய். "இது எளவூட்டுத் துணிங்க. இது மேல நான் கை நனைக்க மாட்டேன்." நானும் எழுந்துவிட்டேன். உனக்கு வயிற்றுக் கோளாறு என்று ஏஜென்ட் சமாளித்தான். ஆர்டர் போயிற்று, ஊர் திரும்பியபின் பாதித் தறி சும்மா நின்றது. நீ ஒருநாளும் அதற்காக வருத்தப்படவில்லை.

இன்றும் பாதித் தறி சும்மாதான் நிற்கிறது. "நாம நெய்யலீன்னா எதுத்த பட்டறைல நெய்ஞ்சு குடுத்துருவாங்கப்பா" என்கிறான் மகன். நிஜம்தான். கிழவியின் அம்மாவும் திறந்து கிடந்த அந்த வாசலில் நின்று இதைத்தான் நினைத்திருப்பாள், நான் எடுக்காவிட்டால் அடுத்தவள் எடுப்பாள் என்று.

"அந்தப் புள்ள பேரென்னன்னு கேட்டு எழுது சாமி. அந்தப் பேர அட்டையில போட்டா நெய்யலாம். இல்லீன்னா இது நம்ம தறியில ஏறாது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினான்.

சாயங்காலம் பதில் வந்தது. பெயர் தெரியாதாம், எழுத்து மட்டும் இருந்தால் போதுமாம். பார்சலைக் கட்டித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், வாசனை போகவில்லை.

விருந்துக்குப் போன வீட்டில் சொம்பைத் திருப்பி, யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பாயே, அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பெயரைப் படித்துவிட்டு, இவர் யாருங்க என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கிறேன்.