வானத்தில் வலப்பக்கம்

கான்பூர், 9-2-1974

அன்புள்ள நைனாவுக்கு மணவாளன் வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முட்டி வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

நேற்று பயிற்சியில் தனியாக விமானம் ஓட்டினேன். நேர் எதிரே, அதே உயரத்தில் இன்னொரு விமானம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஓட்டும் பஸ்ஸில் பின்சீட்டில் வளர்ந்தவன் அல்லவா? "எதிர்ல வண்டி வந்தா லெப்ட்ல ஒதுங்கணும்டா" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. கை இடப்பக்கம் போனது. வானத்திலோ இருவருமே வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். அதற்குள் கோபுரத்திலிருந்து கண்ட்ரோலர் ரேடியோவில் "ரைட்! ரைட்!" என்று கத்தினார். சட்டென்று திருப்பினேன். அந்தப் பைலட்டும் திருப்பினார். இனி என் கை தப்பாது, நைனா.

விலகும்போது, கே.ஜி.கண்டிகையில் எதிர் பஸ் ஓட்டி வரும் கரீமுல்லா மாமாவுக்கு நீங்கள் கை தூக்குவதுபோல் நானும் அந்தப் பைலட்டுக்குத் தூக்கினேன்.

பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவிடம் விமான விஷயம் வேண்டாம். தபால்காரர் நிற்கிறார், முடிக்கிறேன். அடுத்தமுறை மாமாவைப் பார்க்கும்போது எனக்காகவும் ஒருமுறை கை தூக்குங்கள். இங்கே பதிலுக்குத் தூக்க ஆளில்லை.

மணவாளன்