நாப்பது நிமிஷம் நிக்காம

அக். 6, திங்கள்
காலைல தூறல். துணி ரோல் ரெண்டு நனைஞ்சிருச்சு. ஃபேன் போட்டுக் காய வெச்சாச்சு.

வெள்ளிக்கிழமை நம்ம பனியன் கம்பெனிக்குப் புது ஃபிளாட்லாக் தையல் மெஷின் ரெண்டு வருது. வைக்க இடம் இல்லை. இருக்கற ஒரே இடம் பின்னால ஷெட். அதுல அவரோட டிராக்டர்.

பதினாலு மாசம் ஆச்சு. தாராபுரம் பக்கம் யாரோ வேலியோரம் போட்டு வெச்சிருந்ததை லாரில ஏத்திக் கொண்டாந்தார். "இந்த மாடலோட சத்தமே தனி கவிதா"ன்னார். எங்களுக்கு உழறதுக்கு ஒரு செண்டு நெலம் கிடையாது.

என் பக்கத்து நியாயம் (எழுதி வெச்சாத்தான் சண்டைல மறக்காது):
- வெள்ளைத் துணில கிரீஸ் கை. ரெண்டு தடவை.
- ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்ததே மறந்து போச்சு.
- தங்கச்சி மக சீருக்குத் தனியாப் போனேன். இஞ்சினைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கார்னு சொல்ல முடியுமா. காய்ச்சல்னு சொன்னேன்.
- பாத்ரூம் சோப்பு. கறுப்பு.

மத்தியானம் சொல்லிட்டேன். "வியாழன் வரைக்கும்தானுங்க. ஓடலைன்னா பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போகட்டும்."

சண்டை வரும்னு நெனச்சேன். "சரி"ன்னார். கைய வேட்டில தொடைச்சார். வெள்ளை வேட்டி.

அக். 7, செவ்வாய்
நல்ல வெயில். டிராக்டர் ஸ்டார்ட் ஆச்சு, பத்து நிமிஷம் ஓடி நின்னுச்சு. ஆறு மாசமா இதே கதை. ஃபில்டர் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு, ரெண்டு மெக்கானிக் வந்து தலையச் சொறிஞ்சுட்டுப் போயாச்சு.

குன்னத்தூர்ல இருந்து நங்கையா, இவரோட அக்கா, போன். தம்பியப் பத்தித்தான். "நீ எடம் குடுத்துத்தான் கண்ணு அவன் இப்படி ஆனான். ஊட்டுக்காரி கறாரா இருக்கோணும்." ஆமாங்கன்னேன்.

ம. 4. மெஷினுக்கு விட எண்ணெய் டின்னைக் கவுத்தேன். சொட்டு சொட்டா வந்து நின்னு போச்சு. ஓவர்லாக் மெஷின்ல தைக்கற பாண்டியம்மா, தேனிக்காரி, திரும்பிப் பார்த்தா. "ஒரு ஓட்டைதான போட்டிருக்கீங்க? காத்துப் போக இன்னொண்ணு வேணும்லக்கா." ஊசியால குத்துனா. கடகடன்னு வந்துச்சு.

டின்னைப் பிடிச்சபடி நின்னுட்டேன்.

டிராக்டரோட டீசல் டேங்க் மூடி. பழசு துருப்பிடிச்சுதுன்னு லேத்ல குடுத்து பித்தளைல புதுசாக் கடைஞ்சு போட்டார். அதுவும் ஆறு மாசம் முந்தித்தான். போய்ப் பார்த்தேன். பளபளன்னு இருக்கு. ஓட்டை இல்லை. வண்டி நின்னா டீசல் இருக்கான்னு மூடியத் திறந்து பார்ப்பார், திரும்ப ஓடும். காத்து உள்ள போகும்ல, அதான்.

சொல்லலை. வாயைத் திறந்தா ஷெட் போச்சு.

அக். 8, புதன்
செக்கிங்ல பதினேழு பீஸ் ரிட்டன். கழுத்துத் தையல் கோணல்.

அவர் இன்னைக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணவே இல்லை. தொடைச்சுட்டு இருந்தார். சக்கரத்துக்கு நடுவுல கூட. பழைய இரும்புக்குப் போறதை எதுக்குத் தொடைக்கணும்.

சாப்பிடும்போது: "நாளைக்கு நான் மண்ணரைக்குப் போய் காலர் துணி பார்த்துட்டு வர்றேன். அந்த ஆள் வந்தா நீயே இருந்து அனுப்பீரு."

வண்டி போறதைப் பார்க்க முடியாதுன்னு சொல்ல அவருக்கு வெக்கம். நான் ரசம் ஊத்தாமயே எந்திரிச்சுட்டேன்.

அக். 9, வியாழன்
கா. 9.30 அவர் கிளம்பினார். ஷெட் பக்கம் திரும்பலை.

9.35 மூடியக் கழட்டினேன். மெஷின் ரிப்பேர் மேசைல வெச்சு, கை டிரில்லால சின்னதா ஒரு ஓட்டை. பிசிறைத் தொடைச்சு, திருப்பி மாட்டினேன். இதை ஸ்டார்ட் பண்ணத் தெரியும். பதினாலு மாசம் திட்டிக்கிட்டே பார்த்ததுதானே.

பிடிச்சுது.

பத்து நிமிஷம். கைய இறுக்கி நின்னேன். பதினொண்ணு. பதினஞ்சு. தையல்ல இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க. பீஸ் ரேட்ல தைக்கறவங்க, யாரும் போய் உக்காரலை. "நிக்கலக்கா"ன்னா பாண்டியம்மா மெதுவா.

இரும்புக்காரர் வந்தார். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஓடற வண்டிய எப்படிங்க எடுக்கறது"ன்னார். டீ குடுத்து அனுப்பிச்சேன்.

அவருக்குப் போன் போட்டேன். பேசலை. போனை இஞ்சின் பக்கத்துல பிடிச்சேன். அந்தப் பக்கம் அவர், "எத்தன நிமிஷம்?"

"நாப்பதுங்க."

மூக்கு உறிஞ்சற சத்தம் கேட்டுது.

காலர் துணி வாங்காமயே வந்துட்டார். மூடியக் கையில வெச்சு அந்த ஓட்டையவே பார்த்துட்டு இருந்தார். மனசு உறுத்துச்சு. "செவ்வாய்க்கிழமையே தெரியுமுங்க. ஷெட் வேணும்னு சொல்லலை"ன்னேன்.

"நீ ரெண்டு நாள் சொல்லலை. நான் ஆறு மாசம் பார்க்கலையே."

சிரிச்சுட்டோம். சேர்ந்து சிரிச்சு எவ்வளவு நாளாச்சு.

அக். 10, வெள்ளி
மெஷின் வந்துருச்சு. ஷெட்ல இறக்கியாச்சு. டிராக்டர் தெருவுல, தார்ப்பாய் போட்டு. பக்கத்துக் கம்பெனிக்காரர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார். நிறுத்த எடம்: நங்கையா தோட்டத்துச் சாளைக் கொட்டகை. அவரே அக்காகிட்டப் பேசிட்டார்.

பாக்கி: காலர் துணி. கரண்ட் பில். இவருக்கு ரெண்டு கலர் லுங்கி.

அக். 12, ஞாயிறு
மேகமூட்டம், மழை இல்லை. கா. 6 சாவிய என் கையில குடுத்தார். "நீயே ஓட்டு."

கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பா தோட்டத்துல ஓட்டுனது. நல்லூர் தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை ஆஃப் ஆயிருச்சு, என் கிளட்ச்சாலதான். அப்புறம் நிக்கவே இல்லை. அவர் பின்னால பைக்ல. பஸ்ல இருந்து எட்டிப் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

குன்னத்தூர்ல நங்கையா வாசல்ல நின்னாங்க. "அவன் எங்க கண்ணு?"

"பின்னால வர்றாருங்க."

அவர் வந்து ஹெல்மெட்டைக் கழட்டினார். "யாருடா சரி பண்ணது?"ன்னு கேட்டாங்க.

"கவிதாதானுங்கக்கா. எனக்குப் பிடிபடலை."

நங்கையா என்னையும் வண்டியையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "எறங்கி வா சாமி, காப்பி ஆறுது."

"கெணத்து வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வர்றேனுங்க"ன்னேன். இவர் ஒரு தாவு தாவி மட்கார்டுல ஏறி உக்காந்துட்டார். கியர் போட்டேன்.